ஏ.பி.எல்.ஏ. பாசிட்டிவ் என்று வந்தால்: பரிசோதனை முதல் பிரசவம் வரை ஒரு வழிகாட்டி

கரு அடுத்தடுத்துக் கலைந்தவர்களுக்கும், காரணம் தெரியாமல் வயிற்றிலேயே குழந்தை இறந்தவர்களுக்கும் மருத்துவச் சீட்டில் ஒரு கட்டத்தில் ‘ஏ.பி.எல்.ஏ. புரொஃபைல்’ என்று எழுதப்படும். ஆன்டி பாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி என்பதன் சுருக்கம் அது. இந்த ஆன்டிபாடி விடாமல் ரத்தத்தில் இருந்து, அதனால் ரத்த உறைவோ கர்ப்ப இழப்போ ஏற்பட்டிருந்தால் அந்த நிலைக்கு ஏ.பி.எஸ். (ஆன்டி பாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம்) என்று பெயர். சிகிச்சை இருக்கிறது. முறையாக எடுத்துக்கொண்டவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் குழந்தையோடு வீடு திரும்புகிறார்கள். ஆனால் தேதி தவறிய ஒரு டெஸ்ட், நேரம் குறிக்காத ஒரு ஊசி, தேவையில்லாத ஒரு பேக்கேஜ் என்று வழியில் இடறிவிழ நிறைய இடமிருக்கிறது. எதை எப்போது செய்வது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம். மருந்தின் அளவை முடிவு செய்வது உங்கள் மருத்துவர்தான்.

உடம்புக்குள் நடப்பது சுருக்கமாக இது. ரத்தத்தில் பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் என்றொரு புரதம் உண்டு. நம் உடம்பே தவறுதலாக அதற்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கிறது. அது ரத்தக்குழாயின் உட்சுவரிலும், மோனோசைட், நியூட்ரோஃபில் போன்ற வெள்ளை அணுக்களிலும், நஞ்சுக்கொடியின் வெளிச் செல்களிலும் போய் ஒட்டுகிறது. உசுப்பப்பட்ட மோனோசைட் ‘டிஷ்யூ ஃபேக்டர்’ என்ற பொருளை வெளியே நீட்டுகிறது. ரத்தம் உறைவதற்கான முதல் பொத்தானே அதுதான். நியூட்ரோஃபில் தன் டி.என்.ஏ.வையே வலையாக வீசுகிறது, அந்த வலையில் தட்டணுக்கள் சிக்கிக் கட்டியாகின்றன. கூடவே காம்ப்ளிமென்ட் என்ற தற்காப்புப் புரதங்களும் கிளர்ந்து நஞ்சுக்கொடியில் அழற்சியை உண்டாக்குகின்றன. அதனால்தான் சிலருக்கு நஞ்சுக்கொடியில் ரத்தக்கட்டியே தெரியாது, ஆனாலும் குழந்தை வளராது. இதற்குக் கொடுக்கப்படும் ஹெப்பாரின் ஊசி உறைவைத் தடுப்பதோடு காம்ப்ளிமென்டையும் ஓரளவு அடக்குகிறது. ‘ரத்தம் மெலிய ஒரு மாத்திரை போதாதா, ஊசி எதற்கு?’ என்ற கேள்விக்கு அதில் பாதி பதில் இருக்கிறது.

1. பழைய காகிதங்களைத் திரட்டுங்கள்

பரிசோதனைக்குப் போகும் முன் இதை முடியுங்கள். இந்த நோயைத் தீர்மானிப்பதில் ரத்த ரிப்போர்ட் பாதி, உங்கள் கர்ப்ப வரலாறு மீதி. மருத்துவர் தேடுவது இந்த நான்கில் ஒன்றை:

– 10 வாரத்துக்குள் தொடர்ந்து மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கருச்சிதைவு, வேறு காரணம் இல்லாமல்
– 10 வாரம் தாண்டி, உருவத்தில் குறையில்லாத சிசு வயிற்றில் இறந்தது, ஒரு முறை என்றாலும்
– கடுமையான கர்ப்பகால ரத்த அழுத்தம், வலிப்பு அல்லது நஞ்சுக்கொடிக் குறைபாட்டால் 34 வாரத்துக்கு முன்பே பிரசவம்
– கால், நுரையீரல், மூளை என எங்காவது ரத்தக்கட்டி வந்தது

‘மூணு மாசத்துல கலைஞ்சிடுச்சு’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. 9 வாரமா 11 வாரமா என்பதில் முடிவே மாறும். ஆகவே இதயத்துடிப்பு தெரிந்த ஸ்கேன், துடிப்பு நின்ற ஸ்கேன் இரண்டும் தேதியோடு வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, பிபி பதிவுகள், நஞ்சுக்கொடியின் திசு ஆய்வு ரிப்போர்ட் இருந்தால் அதுவும். பழைய ஆஸ்பத்திரியில் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுதிக் கொடுத்துக் கேட்டால் நகல் கிடைக்கும். உள்நோயாளி எண்ணும் அனுமதித்த தேதியும் கையில் இருந்தால் வேலை விரைவில் முடியும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று. மறுபடி கரு கலைந்து டி அண்ட் சி (கருப்பையைச் சுத்தம் செய்வது) செய்ய நேர்ந்தால், எடுத்த திசுவை இரண்டாகப் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். திசு ஆய்வுக்குப் போவது ஃபார்மலினில். குரோமோசோம் பரிசோதனைக்குப் போவது ஃபார்மலின் படாமல், கிருமிநீக்கிய சலைனில். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் செல்கள் செத்துவிடும், குரோமோசோம் பார்க்க முடியாது. முதல் மூன்று மாதக் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் பிழைதான் காரணம். அது தெரிந்தாலே பல வீண் சிகிச்சைகள் மிச்சமாகும்.

2. மூன்று டெஸ்ட், இரண்டு முறை

பார்க்க வேண்டியவை மூன்று: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் (எல்.ஏ.), ஆன்டி கார்டியோலிப்பின், ஆன்டி பீட்டா-2 கிளைகோபுரோட்டீன். பின்னிரண்டுக்கும் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என இரு வகைகளும் பார்க்க வேண்டும். லேபில் ‘ஏ.பி.எல்.ஏ.’ என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் கார்டியோலிப்பினை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். மூன்றின் பெயரையும் சீட்டில் தனித்தனியே எழுதி வாங்குங்கள். எல்.ஏ.வை விட்டுவிட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. கர்ப்பச் சிக்கலை முன்கூட்டிக் காட்டுவதில் அதுதான் மூன்றிலும் வலுவானது. பெயரில் லூபஸ் இருப்பதால் உங்களுக்கு லூபஸ் நோய் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) என்று பதறவும் வேண்டாம்.

முதல் டெஸ்டில் பாசிட்டிவ் என்றால் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். காய்ச்சல், தொற்று வந்தால் இந்த ஆன்டிபாடி கொஞ்ச காலம் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். இரண்டாம் முறையும் இருந்தால்தான் கணக்கு. கரு கலைந்த கையோடு ரத்தம் கொடுக்காமல் 6 வாரமாவது விட்டு முதல் டெஸ்டை எடுத்தால், இரண்டாவதும் சேர்ந்து நான்கு மாதத்துக்கு மேல் ஆகிவிடும். அடுத்த கர்ப்பத்துக்கான திட்டத்தில் இந்த மாதங்களை முதலிலேயே ஒதுக்குங்கள். ஏற்கெனவே கர்ப்பம் தரித்துவிட்டீர்கள் என்றால் 12 வாரம் காத்திருக்க மாட்டார்கள். வரலாறு பொருந்தி முதல் டெஸ்டும் வலுவாக இருந்தால் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, உறுதி செய்வதைப் பிறகு வைத்துக்கொள்வார்கள்.

எண்களைப் பார்க்கும்போது: கார்டியோலிப்பின் 40 யூனிட்டுக்கு மேல் இருந்தால்தான் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள். லேபின் நார்மல் எல்லை 10 அல்லது 15 என்று அச்சாகியிருக்கும். உங்களுக்கு 18 வந்து சிவப்பில் காட்டினால் அது ஏ.பி.எஸ். ஆகிவிடாது. மூன்றுமே பாசிட்டிவ் என்றால் ஆபத்து கூடுதல். இதை ‘டிரிப்பிள் பாசிட்டிவ்’ என்பார்கள். அவர்கள் ருமட்டாலஜி (மூட்டு, தன்னெதிர்ப்பு நோய்கள்) அல்லது ஹெமட்டாலஜி (ரத்த நோய்கள்) மருத்துவரையும் பார்த்தே ஆக வேண்டும்.

ஒரு துப்பு. கர்ப்பகால ரொட்டீன் பரிசோதனையில் வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் என்று வந்து, அதை உறுதிசெய்யும் டி.பி.ஹெச்.ஏ. டெஸ்ட் நெகட்டிவ் என்றால் அது பால்வினை நோயாக இல்லாமல் இந்த ஆன்டிபாடியின் வேலையாக இருக்கலாம். வி.டி.ஆர்.எல். டெஸ்டில் பயன்படுவதே கார்டியோலிப்பின்தான். வீட்டில் வீண் சண்டை வருமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. காரணமில்லாமல் தட்டணுக்கள் குறைவதும், ரத்தக்கசிவு இல்லாமலே ஏ.பி.டி.டி. (ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஒரு டெஸ்ட்) நீண்டிருப்பதும் இதே பக்கம் கைகாட்டும்.

3. எல்.ஏ. டெஸ்ட் கெட்டுப்போவது எங்கே

மூன்றில் மிக எளிதாகத் தவறாகப் போவது இதுதான். ரத்தம் வெளிர்நீல மூடி போட்ட சிட்ரேட் குழாயில், கோடு வரை சரியாக நிரம்ப வேண்டும். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. பாதிதான் நிறைந்தது என்றால் சிட்ரேட் அதிகமாகி, உறையும் நேரம் பொய்யாக நீளும். பிறகு அதை இரண்டு முறை சுழற்றித் தட்டணுக்களை முழுக்க நீக்க வேண்டும். மிச்சமிருந்தால் அவை ஆன்டிபாடியை உறிஞ்சிக்கொண்டு ரிசல்ட் பொய்யாக நெகட்டிவ் ஆகும். இதெல்லாம் 4 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். எனவே வீட்டுக்கு வந்து எடுக்கும் கலெக்‌ஷனோ, தெருமுனை சேகரிப்பு மையமோ இந்த ஒரு டெஸ்டுக்கு வேண்டாம். பரிசோதனை நடக்கும் லேபுக்கே காலையில் நேரில் போங்கள்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின், வார்ஃபரின், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் எல்லாமே எல்.ஏ.வைக் குழப்பும். முடிந்தவரை மருந்து தொடங்கும் முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள். ஹெப்பாரின் போட்டுக்கொண்டிருந்தால் கடைசி ஊசிக்கு 12 மணி நேரமாவது கழித்து, அடுத்த ஊசிக்குச் சற்று முன் கொடுக்க வேண்டும். மருந்தின் பெயரும் நேரமும் லேப் சீட்டில் எழுதப்பட வேண்டும். இந்த டெஸ்டுக்காக நீங்களாக மருந்தை நிறுத்தக் கூடாது. ஆஸ்பிரினால் பாதிப்பில்லை. மற்ற இரண்டு டெஸ்டுகளுக்கும் ஊசியும் தடையில்லை.

எல்.ஏ. ரிப்போர்ட்டில் டி.ஆர்.வி.வி.டி. (உறையும் நேரத்தை அளக்கும் இன்னொரு டெஸ்ட்) என்ற தலைப்பின்கீழ் ஸ்கிரீன், மிக்ஸ், கன்ஃபர்ம் என மூன்று கட்டங்களும், அதோடு ஏ.பி.டி.டி. வகை டெஸ்ட் ஒன்றும் இருக்கிறதா பாருங்கள். ஸ்கிரீன் மட்டும் நீண்டிருப்பதை வைத்துப் பாசிட்டிவ் என்று முடிவுகட்ட முடியாது.

தனியார் லேபில் மூன்றும் சேர்ந்து சில ஆயிரம் ரூபாய் ஆகும், அதுவும் இரண்டு முறை. இரண்டு முறையும் ஒரே லேபில் பாருங்கள். கிட் மாறினால் யூனிட்டும் மாறும், ஒப்பிட முடியாது.

4. பணத்தைக் கரைக்கும் பேக்கேஜ்கள்

கரு கலைந்த துயரத்தில் இருப்பவரிடம் எதையும் விற்றுவிடலாம் என்பது இந்தத் துறையின் கசப்பான பக்கம். கீழே உள்ளவற்றைச் சீட்டில் பார்த்தால், ‘இதன் ரிசல்ட்டால் என் சிகிச்சையில் என்ன மாறும்?’ என்று கேளுங்கள்.

ரத்தத்தில் என்.கே. செல் (நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகை) அளவு. கையிலிருந்து எடுக்கும் ரத்தத்திலுள்ள என்.கே. செல்லும் கருப்பையில் உள்ள என்.கே. செல்லும் ஒன்றல்ல. கருப்பையில் இருப்பவை நஞ்சுக்கொடிக்கு ரத்தக்குழாய் அமைய உதவுபவை. ரத்தத்தில் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்று சொல்லி இன்ட்ராலிப்பிட் (கொழுப்புக் கரைசல்) டிரிப், ஐ.வி.ஐ.ஜி. (நரம்பில் ஏற்றும் ஆன்டிபாடி மருந்து), ஸ்டீராய்டு என்று ஏற்றுவதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஏ.பி.எஸ்.ஸில் நோய் எதிர்ப்புச் செல்கள் உசுப்பப்படுவதுதான் பிரச்சினை என்பது உண்மை என்பதாலேயே இந்த டெஸ்டும் உண்மைபோலத் தெரிகிறது.

எம்.டி.ஹெச்.எஃப்.ஆர். மரபணு டெஸ்ட். மிகச் சாதாரணமான மாறுபாடு இது. பாசிட்டிவ் என்று வந்தாலும் சிகிச்சை ஒன்றும் மாறாது.

டார்ச் பேனல் (ரூபெல்லா போன்ற சில தொற்றுகளைப் பார்க்கும் டெஸ்ட்). திரும்பத் திரும்பக் கரு கலைவதற்கு இதில் விடை கிடைக்காது.

டி-டைமர் (ரத்தக்கட்டி கரையும்போது உண்டாகும் பொருளின் அளவு). கர்ப்பத்தில் வாரம் ஏற ஏற இது தானாகவே ஏறும். கர்ப்பமில்லாதவருக்கான எல்லையோடு ஒப்பிட்டு ‘ரத்தம் கட்டுது’ என்று ஹெப்பாரின் எழுதுவது தவறு.

புரோட்டீன் எஸ் (ரத்தம் அதிகமாக உறையாமல் காக்கும் புரதம்). கர்ப்பத்தில் இயல்பாகவே குறையும். பார்த்தே ஆக வேண்டுமென்றால் பிரசவம் முடிந்து சில மாதம் கழித்துப் பாருங்கள். பரம்பரை உறைவுக் கோளாறும் தொடர் கருச்சிதைவும் உள்ள பெண்களுக்கு ஹெப்பாரின் கொடுத்துப் பார்த்த ‘அலைஃப்2’ ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. ஊசி போட்டவர்களில் 72 சதவீதம், போடாதவர்களில் 71 சதவீதம் குழந்தை பெற்றார்கள். ஏ.பி.எஸ். இல்லாமல் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எழுதப்படும் ஊசிக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

5. கருத்தரிக்கும் முன்

குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பெரும்பாலும் கருத்தரிக்க முயலும்போதே தொடங்குவார்கள். வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். 6 முதல் 12 வாரம் வரை அது சிசுவின் உருவத்தைப் பாதிக்கும். நாள் தள்ளியதும் டெஸ்ட் செய்து, 6 வாரத்துக்குள் ஹெப்பாரினுக்கு மாற வேண்டும். ரிவராக்ஸபான், அபிக்ஸபான் கர்ப்பத்தில் கூடாது. மூன்றும் பாசிட்டிவ் ஆன ஏ.பி.எஸ்.ஸில் கர்ப்பம் இல்லாதபோதும் அவை ஏற்றவை அல்ல. லூபஸ் இருக்கிறதா என்று ஏ.என்.ஏ. பாருங்கள். ஆன்டி-ரோ என்ற வேறொரு ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் சிசுவின் இதயத்துடிப்பைத் தனியாகக் கண்காணிக்க வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 12 வாரத்துக்குள் கிராம அல்லது நகர சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். தனியாரில் சிகிச்சை என்றாலும் இது வேண்டும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். ஆதார், வங்கிப் பாஸ்புக், செல்பேசி எண் போதும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் இந்தப் பதிவுதான் வாசல்.

6. ஊசி: எவ்வளவு, எத்தனை, எப்படி

கர்ப்பம் உறுதியானதும், பெரும்பாலும் ஸ்கேனில் துடிப்பு தெரிந்தவுடன், எனாக்ஸபாரின் (ஹெப்பாரின் வகை ஊசி) தொடங்கும். இதற்கு முன் ரத்தக்கட்டி வராதவர்களுக்குத் தடுப்பு அளவு: 50 முதல் 90 கிலோ எடைக்கு வழக்கமாகத் தினம் 40 மி.கி. ஒரு ஊசி, 50 கிலோவுக்குக் கீழே 20, 90க்கு மேல் 60. ஏற்கெனவே ரத்தக்கட்டி வந்தவர்களுக்குச் சிகிச்சை அளவு: கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 12 மணிக்கொரு முறை. நீங்கள் எந்த வகை என்பதைப் பெரிய எழுத்தில் ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிரசவ நேரத்தில் எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் போடுவார்கள்.

செலவு: 7 வாரத்தில் தொடங்கி 38 வாரம் வரை 217 ஊசி. பிரசவத்துக்குப் பின் 6 வாரத்துக்கு 42. ஆக ஏறக்குறைய 260. ஊசி 300 ரூபாய் என்றால் 78,000 ரூபாய். கம்பெனிக்குக் கம்பெனி விலை வெகுவாக மாறும், எனவே மருந்தின் மூலப்பெயரில் சீட்டு வாங்கி, மக்கள் மருந்தகத்திலும் மொத்த மருந்துக்கடையிலும் விசாரியுங்கள். சென்னையில் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை போன்ற அரசு இடங்களில் இலவசமாகப் பெறலாம். ஒரு முறைக்கு எத்தனை நாளுக்குத் தருவார்கள் என்று முன்பே கேட்டு அலைச்சலைத் திட்டமிடுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை முக்கியமாக உள்நோயாளிச் சிகிச்சைக்கானது, தினசரி ஊசிக்கு அதை நம்பி இருக்க வேண்டாம். கையில் எப்போதும் ஒரு வாரத்துக்கான ஊசி மிச்சமிருக்கட்டும். தீபாவளி, பொங்கல் விடுமுறையில் கடை பூட்டியிருந்தது என்று நான்கு நாள் விடுவது, அதுவும் டிரிப்பிள் பாசிட்டிவ் உள்ளவர்களுக்கு, ஆபத்து.

வாங்கும்போது மருந்து நிரப்பிய தனி சிரிஞ்சாக வாங்குங்கள். பல முறை எடுக்கும் குப்பியில் பென்சைல் ஆல்கஹால் கலந்திருக்கும், கர்ப்பத்தில் அதைத் தவிர்ப்பார்கள். இந்த மருந்து பன்றிக்குடலிலிருந்து எடுக்கப்படுவது. மத நம்பிக்கையால் அது உறுத்துகிறவர்கள் மருத்துவரிடம் முன்பே வெளிப்படையாகப் பேசிவிடலாம். சிரிஞ்சை ஃபிரீசரில் வைக்கக் கூடாது. வெயில் படாத குளிர்ந்த அலமாரி போதும். கோடையில் பெட்டியில் அச்சிட்ட வெப்ப எல்லையைப் பாருங்கள்.

போடும் முறை:

– கை கழுவி, சாய்ந்து உட்காருங்கள். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, வயிற்றின் பக்கவாட்டில் இடம் தேர்ந்தெடுங்கள். இன்று இடப்பக்கம் என்றால் நாளை வலப்பக்கம். வயிறு இறுகிப் பிடிக்க வராத மாதங்களில் தொடையின் வெளிப்பக்கம்.
– முழு சிரிஞ்சையும் போடுவதென்றால் உள்ளே இருக்கும் காற்றுக்குமிழை வெளியேற்றாதீர்கள். கடைசித் துளி மருந்தும் உள்ளே போக அது வேண்டும்.
– தோலை மடிப்பாகப் பிடித்து, ஊசியை நேர்செங்குத்தாக முழுவதும் செலுத்துங்கள். மெதுவாக அழுத்துங்கள், பத்து எண்ணி ஊசியை எடுக்கும் வரை மடிப்பை விடக் கூடாது.
– தேய்க்காதீர்கள். தேய்த்தால் நீலம் அதிகமாகப் பாரிக்கும். சிறு நாணய அளவு நீலம் சகஜம்.
– ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

போட்ட ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து ஆஸ்பத்திரியில் கொடுங்கள், தெருக் குப்பையில் போடாதீர்கள். தினமும் போட்ட நேரத்தை நாட்காட்டியில் எழுதுங்கள். கால்சியம் மாத்திரையை விடாதீர்கள், நீண்ட நாள் ஹெப்பாரின் எலும்பைத் தேய்க்கும். ஆனால் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்க வேண்டாம், 2 மணி நேர இடைவெளி விடுங்கள். உடம்புவலிக்கு ஐப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம், பாராசிட்டமால் போதும். யார் தசையில் ஊசி போட வந்தாலும் ஹெப்பாரின் போடுவதை முதலில் சொல்லுங்கள்.

7. ஊசியோடு முடிந்துவிடாது

ஊசி போடுகிறோமே என்று கண்காணிப்பைத் தளர்த்துவதுதான் அடுத்த பொறி. ஏ.பி.எஸ்.ஸில் பிபி ஏறுவதும் குழந்தை எடை குறைவதும் மருந்துக்கு நடுவிலும் வரலாம். 11 முதல் 14 வாரத்துக்குள் என்.டி. ஸ்கேன் (சிசுவின் கழுத்தின் பின்புறத்தில் உள்ள நீரின் தடிமனை அளப்பது), 18 முதல் 20இல் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன், 24 முதல் 28 வாரத்தில் தொடங்கி 3–4 வாரத்துக்கு ஒருமுறை வளர்ச்சியும் டாப்ளரும் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்). மேற்கையில் கட்டும் பிபி மிஷின் ஒன்றை வாங்கிவிடுங்கள். 140/90 தொட்டால் அன்றே மருத்துவரிடம். 160/110 என்றால் உடனே 108.

தலைவலி அடங்காமல் இருப்பது, கண் மங்குவது, வலது விலாவுக்குக் கீழே வலி, குழந்தை அசைவு குறைவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது (கர்ப்பத்தில் பெரும்பாலும் இடது கால்), திடீர் மூச்சிரைப்பு: எதற்கும் மறுநாள் ஓ.பி. வரை காத்திருக்காதீர்கள். ‘மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்’ என்பது இரண்டு காலுக்கும்தான் பொருந்தும்.

8. பிரசவ நாள் கணக்கு

வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும் வழக்கம் உள்ளவர்கள் 28 வாரத்துக்குள் அந்த ஊர் ஆஸ்பத்திரியை முடிவு செய்யுங்கள். ரத்த வங்கி, முழுநேர மயக்க மருத்துவர், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு மூன்றும் இருக்க வேண்டும். இப்போதைய மருத்துவரிடம் மருந்து, அளவு, மூன்று டெஸ்டின் இரு முடிவுகள் அடங்கிய ஒரு பக்கக் கடிதம் வாங்கிச் செல்லுங்கள்.

தண்டுவடத்தில் மயக்க ஊசியோ எபிடூரலோ போட, தடுப்பு அளவு என்றால் கடைசி ஹெப்பாரினிலிருந்து 12 மணி நேரமும், சிகிச்சை அளவு என்றால் 24 மணி நேரமும் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டி கால் செயலிழக்கக்கூடும் என்பதால் முழு மயக்கம் கொடுக்க வேண்டிவரும். எனவே வலி எடுத்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ அடுத்த ஊசியைப் போடாமல் கிளம்புங்கள். மயக்க மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி ‘கடைசி ஊசி எத்தனை மணிக்கு?’ என்பதாகத்தான் இருக்கும்; நாட்காட்டியில் எழுதச் சொன்னது இதற்காக. குறைந்த அளவு ஆஸ்பிரின் மட்டும் இதற்குத் தடையில்லை. அதை எந்த வாரத்தில் நிறுத்துவது என்று மருத்துவர் சொல்வார்.

ஏ.பி.எஸ். என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. நஞ்சுக்கொடியைத் திசு ஆய்வுக்கு அனுப்பும்படி பிரசவத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள், பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

9. பிரசவத்துக்குப் பின் 6 வாரம்

ரத்தம் உறையும் ஆபத்து மிக அதிகமாக இருப்பது இந்த வாரங்களில்தான், ஊசியைப் பலர் நிறுத்திவிடுவதும் இப்போதுதான். ரத்தப்போக்கு கட்டுக்குள் வந்ததும் மருத்துவர் சொன்ன மணி நேரத்தில் மறுபடி தொடங்கி 6 வாரம் முடிக்க வேண்டும். ஹெப்பாரின், வார்ஃபரின் இரண்டும் தாய்ப்பாலுக்குப் பாதகமில்லை. பிரசவித்த உடம்பு என்று படுக்கையிலேயே கிடக்காமல், நடமாடச் சொன்ன நேரத்தில் நடமாடுங்கள். தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் பத்தியத்தை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லித் தவிர்த்துவிடுங்கள்.

கருத்தடைக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கூடவே கூடாது. மாதவிடாயைத் தள்ளிப்போடவோ ஒழுங்குபடுத்தவோ வேறொரு மருத்துவர் எழுதித்தரும் மாத்திரையிலும் அது இருக்கலாம், சீட்டை நீட்டும்போதே ஏ.பி.எஸ். என்று சொல்லுங்கள். காப்பர்-டி பாதுகாப்பானது. கர்ப்பத்தின்போது ஒரு முறை மட்டும் டெஸ்ட் எடுத்துச் சிகிச்சை தொடங்கியவர்கள், ஊசி முடிந்து, பிரசவத்திலிருந்து 12 வாரம் தாண்டியபின் மூன்றையும் மறுபடி பாருங்கள். நெகட்டிவ் என்று வந்தாலும் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கி எறியாமல் இரண்டையும் சேர்த்தே மருத்துவரிடம் காட்டுங்கள்.